நாலு மூலை முட்டைக்கோஸ்

நந்திதாவுக்கு எதை எடுத்தாலும் சந்தேகம்தான். டப்பாவில் முறுக்கு குறைந்திருந்தால் வீட்டில் இருப்பவர்களின் விரல்களை மோந்து பார்ப்பாள். பால்காரர் இன்றைக்குப் பால் நல்ல கெட்டி என்று சொல்லிவிட்டால் போச்சு, உடனே பாத்திரத்துக்குள் எட்டிப் பார்ப்பாள். வகுப்பில் டீச்சர் யாரையாவது பார்த்துச் சிரித்தால், எதற்குச் சிரித்தார் என்று சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருப்பாள். "உன்ன போலீஸ் வேலைக்குத்தான் அனுப்பணும்" என்று அவள் அம்மா சுலோச்சனா தலையில் அடித்துக்கொள்வாள்.

இப்படிப்பட்ட பெண்ணின் சொந்த நிலத்திலேயே ஒரு மர்மம் நடந்தால் அவள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாளா?

நிலம் ஆந்திராவில் குடுபல்லிக்குப் பக்கத்தில் இருந்தது. நந்திதா நைனா என்று கூப்பிடும் அப்பா முனிரத்தினம் அதில் முட்டைக்கோஸ் நட்டிருந்தார். செடிகள் நன்றாகத்தான் வளர்ந்து வந்தன. நடுவில் குருத்து சுருண்டு, பந்து கட்ட ஆரம்பிக்கிற நேரம். அப்போதுதான் அந்த விபரீதம் தொடங்கியது.

உச்சி வெயில் ஏறினால் வரப்பு ஓரத்துச் செடிகள் மயங்கி விழும். இலையெல்லாம் துவண்டு மண்ணில் படுத்துக்கொள்ளும். சாயங்காலம் ஆனதும், ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து நிற்கும். மறுநாள் மத்தியானம் மறுபடியும் மயக்கம். தண்ணீர் விட்டும் பார்த்தாயிற்று, உரம் வைத்தும் பார்த்தாயிற்று. மயங்குகிற செடிகள்தான் கூடிக்கொண்டே போயின.

நைனாவுக்கு யார் மேல் சந்தேகம் என்று ஊருக்கே தெரியும். பக்கத்து நிலத்துக் கன்னையா மேல்தான்.

கன்னையாவை நந்திதா பெரியப்பா என்று கூப்பிடுவாள். ரத்த உறவு இல்லை. ஆனாலும் இரண்டு வீடும் சேர்ந்து போர்வெல் போட்டு, ஒரே மோட்டாரில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற அளவுக்கு உறவு. கன்னையாவின் மகள் ஹரிப்ரியாவும் நந்திதாவும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போவார்கள். போகும்போது ஹரிப்ரியா மிதிப்பாள், வரும்போது நந்திதா மிதிப்பாள். மேட்டில் மட்டும் இரண்டு பேரும் இறங்கித் தள்ளுவார்கள்.

பொங்கல் முடிந்து கன்னையா வரப்பைச் சீவினார். மண்வெட்டி முனிரத்தினத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. "எங்க மண்ண ஏன் வெட்டற?" என்று இவர் கேட்டார். "உன் மண்ணு எனக்கு எதுக்கு?" என்று அவர் சொன்னார். இரண்டும் ஒரு பேச்சா? ஆனால் அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை.

அது போதாதென்று, கன்னையா ஒருநாள் வரப்பு நெடுக ஏதோ வெள்ளைப் பொடியைத் தூவிக்கொண்டு போனதை நைனா தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். அவ்வளவுதான்.

"அந்த ஆளுதான் இன்னாவோ போட்டுட்டான்" என்று வீட்டில் வந்து குதித்தார். "அவன் தக்காளியப் பாரு. பச்சப்பசேல்னு பூ வெச்சிக்கினு கீது. பத்தடி தள்ளி நம்ப முட்டைக்கோஸ் மட்டும் சாவுமா?"

அம்மா அவசரப்பட வேண்டாம் என்றாள். நைனா காதில் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெரியவர் ரங்கையாவை நிலத்துக்கு வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். கன்னையா அவர் முன்னால் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் போர்த் தண்ணீர் அவர் பக்கம் போகிற வால்வை மூடிவிடப் போகிறாராம். வால்வு இருப்பது நைனாவின் நிலத்தில். இந்த மாசி வெயிலில், பூ விட்ட தக்காளிக்குத் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நந்திதாவுக்கு இன்னொரு உத்தரவும் வந்தது. இனிமேல் ஹரிப்ரியாவோடு சைக்கிளில் போகக் கூடாது. அவள் ஆட்டோவில் போனாள். ஆட்டோ மேட்டில் ஏறும்போது, ஹரிப்ரியா தனியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. நந்திதா எட்டி எட்டிப் பார்த்தாள். ஆனால் வகுப்பில் ஹரிப்ரியா அவள் முகத்தையே பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? குற்றம் செய்தவர்கள்தானே முகத்தைத் திருப்புவார்கள் என்று சந்தேகம் உள்ளே பிராண்டியது.

சரி, கையும் களவுமாகப் பிடித்துவிடுவோம் என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள்தான். வந்ததும் வராததுமாகப் பையை எறிந்துவிட்டு நிலத்துக்கு ஓடினாள். கன்னையாவின் வரப்புக்கு நேர் எதிரே, நிலத்தின் அடுத்த கோடியில் ஒரு புளியமரம் உண்டு. அதன் பின்னால் உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது. முள்வேலி முதுகில் குத்த, கண்ணை இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கன்னையா வந்தார். தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டினார். தண்ணீர் குடித்தார். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். முட்டைக்கோஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரொம்ப ஜாக்கிரதையான ஆள்தான் என்று நந்திதா நினைத்துக்கொண்டாள்.

கால் மரத்துப்போய் நகர்ந்து உட்கார்ந்தபோதுதான் மூக்குக்கு எதிரே இருந்த செடியைப் பார்த்தாள். அதுவும் துவண்டிருந்தது. பக்கத்துச் செடியும் அப்படித்தான். மர நிழலில் இருந்ததால் அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. நைனாவும் கன்னையாவின் வரப்பை முறைப்பதிலேயே பொழுதைப் போக்கியதால் இந்தப் பக்கம் வரவே இல்லை.

இங்கே எப்படி? கன்னையா பெரியப்பா இந்த மூலைக்கு வரவே முடியாதே. இரண்டு பக்கமும் முள்வேலி. நிலத்தைக் குறுக்கே கடந்து வந்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருப்பார்.

நந்திதா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வெயில் தாழ்ந்தது. துவண்ட இலைகள் மெல்ல மெல்ல நிமிர்ந்தன. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வேறு ஒரு சந்தேகம் வந்தது. போன வருஷம் நைனா வரப்புப் புல்லுக்குக் களைக்கொல்லி அடித்தார். அந்தப் புல் மஞ்சளாகிக் கருகிப் போனது. சாயங்காலம் எழுந்து நிற்கவில்லை. விஷம் போட்ட செடி தினமும் செத்து தினமும் பிழைக்குமா?

கன்னையாவைப் பிடிக்க வந்தவள், இப்போது நைனா சொன்னதையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு துவண்ட செடியை இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கினாள். மண்ணை உதறியதும் "அய்யே" என்று கையை விலக்கினாள். வேரே இல்லை. வேர் இருக்க வேண்டிய இடத்தில் இஞ்சிக்கிழங்கு மாதிரி தடிதடியாக, முண்டும் முடிச்சுமாக ஏதோ தொங்கியது. நடுவில் நன்றாக இருந்த ஒரு செடியையும், மனசு கேட்காமல்தான், பிடுங்கிப் பார்த்தாள். அதற்கு நூல் நூலாக வெள்ளை வேர்.

மற்ற மூன்று மூலைகளுக்கும் ஓடினாள். அங்கேயும் இஞ்சி வேர்தான். நாலு மூலையிலும் நோய், நடுவில் ஒன்றுமில்லை.

கன்னையாவின் வரப்பை ஒட்டி அந்தப் பக்கத்தில் கொஞ்சம் கடுகுச் செடி இருந்தது. வீட்டுத் தாளிப்புக்காக விதைத்தது. அதிலும் சில செடிகள் சோர்ந்துபோய் நின்றன. தக்காளி பச்சைப்பசேல் என்று இருக்கும்போது கடுகுக்கு என்ன கேடு? நந்திதா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வரப்பைத் தாண்டினாள். குனிந்து ஒரு கடுகுச் செடியில் கை வைத்தாள்.

"அங்க இன்னா பண்ற?"

இடுப்பில் கை வைத்தபடி ஹரிப்ரியா நின்றிருந்தாள்.

"எங்க நைனா சொன்னது சரியாத்தான் போச்சு. எங்க கடுகுல நீங்கதான் இன்னாவோ ஊத்திட்டீங்க."

நந்திதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாரையும் சந்தேகப்பட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். அவளை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அது ரொம்ப மோசமாக இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நாங்க எதுவும் ஊத்தல" என்றாள். "உங்க நைனாதான் வெள்ளையா என்னமோ தூவினாரு."

அது வெறும் சுண்ணாம்பு என்றாள் ஹரிப்ரியா. கொரோனா சமயத்தில் தெரு வாசலில் பிளீச்சிங் பவுடரால் கோடு போட்டார்களே, அதே மாதிரி. இவர்கள் நிலத்து வியாதி அந்தப் பக்கம் வரக் கூடாது என்று அவள் நைனா போட்டாராம்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு நந்திதா கையோடு கொண்டுவந்திருந்த முட்டைக்கோஸ் வேரைக் காட்டினாள். ஹரிப்ரியா குனிந்து கடுகுச் செடியைப் பிடுங்கினாள். அதன் வேரும் குட்டி இஞ்சி மாதிரி வீங்கியிருந்தது.

"தன் கடுகுக்குத் தானே யாராச்சும் விஷம் வெப்பாங்களா?" என்று கேட்டாள் நந்திதா.

"மாட்டாங்க" என்றாள் ஹரிப்ரியா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க நைனாவும் தன் முட்டைக்கோஸ்ல ஊத்தியிருக்க மாட்டாரு" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. செடிகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் கிளம்பினார்கள். நந்திதா வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உத்தரவை மீறுகிறோமே என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் ஹரிப்ரியாவின் பின்னால் உட்கார்ந்தது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

ஊரில் ரைத்து சேவா கேந்திரம் இருக்கிறது. விதை, உரம், பயிர்க் காப்பீடு என்று விவசாயிகள் வந்து போகிற அலுவலகம். அங்கே வேளாண்மை உதவியாளராக இருப்பவர் தேவசேனா. இளம்பெண். பாதி வாக்கியம் தெலுங்கிலும் பாதி தமிழிலும் பேசுவார். கவரைத் திறந்து பார்த்ததும் அவர் முகம் மாறியது. முதலில் இரண்டு பேரையும் வெளியே குழாயடிக்கு அனுப்பிக் கைகால் கழுவச் சொன்னார். செருப்பின் அடியையும் தேய்த்துக் கழுவச் சொன்னார். அப்புறம்தான் பேசினார்.

இதற்கு வேர்வீக்க நோய் என்று பெயர், கிளப்ரூட் என்பார்கள் என்றார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி மண்ணில் இருந்துகொண்டு வேருக்குள் நுழைந்துவிடும். வேர் வீங்கிப்போகும். வீங்கின வேரால் தண்ணீரைச் சரியாக உறிஞ்ச முடியாது. வெயில் நேரத்தில் தாகம் அதிகம், அதனால் செடி மயங்கி விழும். சாயங்காலம் வெயில் தணிந்ததும் எழுந்துவிடும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தைத்தான் இந்த நோய் பிடிக்கும். தக்காளி வேறு குடும்பம், அதன் பக்கமே போகாது.

பச்சைப்பசேல் தக்காளியின் ரகசியம் இவ்வளவுதானா என்று நந்திதாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

செடியைக் காப்பாற்ற மருந்து உண்டா என்று ஹரிப்ரியா கேட்டாள். பிடித்த செடிக்கு இல்லை என்றார் தேவசேனா. வேரோடு பிடுங்கி, சாக்கில் கட்டி, எரித்துவிட வேண்டும். எருக்குழியில் போட்டாலோ மாட்டுக்குப் போட்டாலோ சாணத்தோடு மறுபடியும் நிலத்துக்கே வந்துவிடும். அந்த மூலைத் தண்ணீர் நடு நிலத்துக்குப் போகாமல் அடைக்க வேண்டும். கிருமி மண்ணிலேயே பல வருஷம் உயிரோடு கிடக்கும். அதனால் இனி அங்கே சோளம், கேழ்வரகு, அவரை என்று வேறு எதையாவதுதான் போட வேண்டும். அமிலம் கூடின, புளிப்பான மண் என்றால் கிருமிக்குக் கொண்டாட்டம், சுண்ணாம்பு கலந்தால் அந்தப் புளிப்பு குறையும்.

எங்கள் நைனா சுண்ணாம்பு போட்டிருக்கிறார் என்று ஹரிப்ரியா பெருமையோடு நிமிர்ந்தாள். கோடு போட்டால் போதாது, நடவுக்கு முன்னாலேயே மண்ணில் கலக்க வேண்டும் என்று தேவசேனா சொன்னதும் பாதி பெருமை குறைந்துவிட்டது.

நந்திதா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எங்க நெலத்துக்கு அது எப்படி வந்துச்சி, மேடம்?"

"அதுக்கு காலு லேது, பாப்பா" என்றார் தேவசேனா. "மண்ணோடதான் வரும். யாரோ தூக்கினு வந்திருக்காங்க."

திரும்பி வருகிற வழியெல்லாம் நந்திதா யோசித்தாள். நர்சரியிலிருந்து நாற்றோடு வந்திருக்குமா? ஒரே நர்சரி நாற்றைத்தான் நடுவிலும் நட்டார்கள், நடுவில் ஒன்றுமில்லையே. டிராக்டர் சக்கரத்தில் வந்திருக்குமா? டிராக்டர் நிலம் முழுக்கத்தானே ஓடியது. நாலு மூலைக்கு மட்டும் யார் மண்ணைக் கொண்டுபோனார்கள்? அதுவும் வரப்பைத் தாண்டிக் கடுகுக்கும்?

வீட்டுக்கு வந்தால் அம்மா ஒரு கூடை நிறைய வாடின முட்டைக்கோஸைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நந்திதா பாய்ந்து கூடையைப் பிடித்துக்கொண்டாள். மாட்டுக்குப் போடக் கூடாது, எருக்குழியிலும் போடக் கூடாது என்று மூச்சு விடாமல் சொன்னாள். பிறகு, நடவு அன்றைக்கு நாலு மூலையிலும் என்ன செய்தார்கள் என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை, அவள் நிலத்துக்குப் போகவில்லை.

அம்மா சிரித்துவிட்டாள். என்ன செய்வார்கள், வழக்கம் போல மஞ்சள், குங்குமம், கற்பூரம்தான். அதோடு உன் நைனாவின் கூத்து ஒன்றும் உண்டு என்றாள். பலமநேர் பக்கத்தில் இருக்கும் தாமோதரன் மாமா, அம்மாவின் தம்பி, போன வருஷம் ஒவ்வொரு முட்டைக்கோஸும் பூசணிக்காய் அளவுக்கு எடுத்தாராம். சொந்தக்காரர்கள் எல்லாம் அதையே பேசினார்களாம். அந்த நிலத்து மண் ராசியான மண் என்று நைனா ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு வந்து, பூஜை போட்டு, மூலைக்கு ஒரு பிடியாகத் தூவினாராம்.

"கன்னையா நெலத்துக்கும் ஒரு பிடி போட்டாருடி. அண்ணனுக்கும் நல்லா வரட்டும்னு சொல்லிக்கினே போட்டாரு. அப்போ நல்லாத்தானே இருந்தாங்க" என்றாள் அம்மா.

திருடனைத் தேடித் தேடிக் கடைசியில் தன் நைனா முன்னால் வந்து நின்றுவிட்டாளே!

அவளாயிற்றே, அப்படியே நம்பிவிடுவாளா? அம்மாவின் போனை எடுத்து மாமாவுக்கு அடித்தாள். உங்கள் முட்டைக்கோஸ் எப்படி இருக்கிறது மாமா என்று கேட்டாள். பிரமாதம் என்றார். மத்தியானத்தில் மயங்குகிறதா என்று கேட்டாள். யார் சொன்னார்கள் என்று மாமா மெல்லக் கேட்டார். அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. இந்த வருஷம் அவர் நிலத்திலும் பாதிச் செடி வாடிவிட்டதாம். ஊர்க்கண் பட்டுவிட்டது என்று பூசணிக்காய் கட்டியிருக்கிறாராம். பூசணிக்காய் முட்டைக்கோஸ் என்று பெயர் வாங்கியவர், வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்று யாரிடமும் மூச்சு விடவில்லையாம். நந்திதா அவருக்கும் தேவசேனா சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டு வைத்தாள்.

இனி நைனாவிடம் சொல்ல வேண்டும். அதை நினைத்தாலே பயமாக இருந்தது. நைனா கோபக்காரர், ரோஷக்காரர். ஊரெல்லாம் கன்னையா பேரைச் சொல்லி வைத்திருக்கிறார். சாப்பிடும்போது சொல்லலாம் என்று பார்த்தாள், முடியவில்லை. சொல்லாமல் இருந்தாலும் ஆகாது, நாளைக்கு வால்வு மூடிவிடும். பெரியப்பாவின் தக்காளி காய்ந்துபோகும். ஹரிப்ரியா அதற்குப் பிறகு இவளோடு எப்படிப் பேசுவாள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நைனா ஸ்பேனரோடு கிளம்பினார். ரங்கையா வால்வுப் பக்கத்தில் வந்து நின்றார். அந்தப் பக்கம் கன்னையா, விறைப்பாகக் கையைக் கட்டிக்கொண்டு. அவர் பின்னால் ஹரிப்ரியா. நந்திதாவை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், நந்திதாவுக்குத் தைரியம் வந்துவிட்டது.

பெரியவர் முன்னால் போட்டு உடைக்க அவளுக்கு மனசில்லை. நைனாவின் கையைப் பிடித்தாள். "வால்வ மூடறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் என்கூட வா, நைனா."

புளியமரத்து மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு சாக்கின் மேல் நாலு மூலைச் செடிகளையும் வேர் தெரியும்படி பரப்பியிருந்தாள். பக்கத்தில் கடுகுச் செடி. தேவசேனா சொன்னதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நைனா ஒவ்வொரு வேராக எடுத்துப் பார்த்தார்.

"இது கடுகாச்சே" என்றார்.

"கன்னையா பெரியப்பாது. அவரு நெலத்துலயும் இதே நோய்தான்."

"அப்போ அவன் போடலியா?" நைனாவின் குரல் இறங்கியது. "பின்ன யாரு போட்டது?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். வேரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மாமா நெலத்து மண்ணு, நைனா. நடவு அன்னிக்கி நாலு மூலைக்கும் போட்டியே. மாமாவ போன்ல கேட்டேன். அங்கயும் இதேதான்."

நைனா இந்த மூலையைப் பார்த்தார். அந்த மூலையைப் பார்த்தார். வரப்புக்கு அப்பால் கடுகு நின்ற இடத்தைப் பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"நானா கொண்டாந்தேன்?"

நந்திதா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நல்லா வெளையணும்னுதானே போட்ட? பெரியப்பாவுக்கும் வெளையட்டும்னுதானே போட்ட? உனக்கு எப்படித் தெரியும் நைனா? மாமாவுக்கே தெரியாது."

நைனா அவள் தலையில் கையை வைத்தார்.

வால்வுப் பக்கத்திலிருந்து ரங்கையா குரல் கொடுத்தார். வீட்டில் இட்லி ஆறுகிறது, மூடுவதா வேண்டாமா என்று சீக்கிரம் சொல்லச் சொன்னார்.

நைனா எழுந்தார். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பெரியவரை அனுப்பிவிடப் போகிறாரோ என்று நந்திதாவுக்குச் சந்தேகம் வந்தது. பாவம், அவளை நொந்து பயனில்லை, பிறவிக் குணம். நைனா நேராகப் போய் வரப்பு மேல் நின்றார். ஸ்பேனரை ரங்கையாவின் கையில் கொடுத்தார்.

"தப்பு என் மேலதாண்ணா" என்றார், கன்னையாவைப் பார்த்து. "நோய நான்தான் எடுத்தாந்தேன். உன் நெலத்துக்கும் நான்தான் போட்டேன். உன்ன ஊரெல்லாம் திட்டிட்டேன்."

மண் வந்த கதையை மறைக்காமல் சொன்னார். ரங்கையா இட்லியை மறந்து வாயைப் பிளந்தார். கன்னையாவின் கட்டியிருந்த கை மெல்ல அவிழ்ந்தது. அவர் தலையைச் சொறிந்தார்.

"நீ மட்டுமா?" என்றார். "நானும் உன்னத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். போன வாரம் டீக்கடையில சொல்லிக்கூட வெச்சேன். போய் அத்த வேற மாத்திச் சொல்லணும்."

ஹரிப்ரியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ரங்கையா ஸ்பேனரை என்ன செய்வதென்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நைனா மோட்டாரைப் போடச் சொன்னார். இன்றைக்குத் தக்காளி முறைதான். குழாயில் சளசளவென்று தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. கன்னையா தன் கடுகு வரிசையின் ஓரமாகப் போய் மண்ணை அணைத்துவிட்டு, அந்தத் தண்ணீர் வரப்புப் பக்கம் வராமல் தடுத்தார். பிறகு முட்டைக்கோஸ் மூலையைத் தானும் பார்க்கிறேன் என்று வரப்பைத் தாண்டி வந்தார். இரண்டு பேரும் குனிந்து குனிந்து செடிகளைப் பார்த்தார்கள். எதை முதலில் பிடுங்குவது, வாய்க்காலை எங்கே அடைப்பது, நடுவில் இருக்கிற நல்ல பந்துகளை எப்போது அறுப்பது என்று பேச்சு வளர்ந்துகொண்டே போனது. பொங்கலிலிருந்து சேர்த்து வைத்த பேச்சு ஆயிற்றே.

அப்படியே பேசிக்கொண்டே நல்ல செடிகள் இருக்கும் பக்கம் நடக்கப் போனார்கள்.

"அங்கயே நில்லுங்க" என்றாள் நந்திதா.

அவள் முன்னால் ஒரு வாளித் தண்ணீர், ஒரு தேங்காய் நார். ஹரிப்ரியா சொம்போடு தயாராக நின்றாள். மூலை மண் ஒட்டின காலோடு யாரும் இந்தப் பக்கம் வரக் கூடாது, கழுவின தண்ணீரும் அந்த மூலையிலேயே விழ வேண்டும் என்று நந்திதா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வால்வுப் பக்கத்தில் நின்ற ரங்கையா, தான் மூலைக்கே போகவில்லை என்று தூரத்திலிருந்தே சத்தியம் செய்தார்.

நைனாவும் கன்னையாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு வழியில்லை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்றக் காலைத் தேய்த்தார்கள். ஈர மண் சறுக்கியது. இரண்டு பேரும் சட்டென்று ஒருவர் தோளை ஒருவர் பிடித்தார்கள்.

"கெட்டியா புடி முனிரத்தினம், வழுக்குது" என்றார் கன்னையா.

நைனா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.